நூற்றைம்பது நாற்காலி

அன்று மைதானத்துக்குள் இருந்தவர்கள்: இரண்டு அணிக்கும் சேர்த்து ஆட்டக்காரர்கள் முப்பத்தாறு, பயிற்சியாளர் இரண்டு, நடுவர் நான்கு, லீக்கிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒன்று, பாஸ் வைத்திருந்த விருந்தினர் நூற்று இருபத்தேழு, வாசலில் காவலாளி ஒன்று, வாடகை நாற்காலிக்காரர் ஒன்று, இத்தனை பேரையும் கட்டி மேய்க்கும் கிளப் செயலாளர் ஒன்று.

சம்பளத்துக்கு ஆடும் மூன்றாம் பிரிவு கால்பந்து லீக், புத்தம் புதிது. அன்றுதான் தொடக்க விழா, முதல் ஆட்டம்.

செயலாளருக்குக் காலையிலிருந்தே தலைவலி. முதலில் கேப்டன் வந்து நின்றான்.

"சார், வீட்டுல பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. நம்ம டீம் பசங்களுக்கு ஆளுக்கொரு பாஸாவது..."

"எல்லாம் தீந்து போச்சுப்பா. அடுத்த ஆட்டத்துக்குப் பாத்துக்கலாம். போ, போய் ஓடு."

விழா ஆரம்பித்ததும் நாற்காலிக்காரர் வந்தார்.

"சார், நூத்தம்பது போட்டேன். இருபத்து மூணு காலியாக் கிடக்கு. எடுத்துக்கட்டுமா?"

"ஏன்யா, மேடையில விழா நடக்குது. உனக்கு நாற்காலிதான் முக்கியமா?"

"சும்மாதானே சார் கிடக்கு?"

"கிடக்கட்டும். போட்ட இடத்துலயே கிடக்கட்டும்."

மேடையில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் ஆட்டக்காரர்களே எங்கள் உயிர் என்றார்கள். அந்த உயிர்கள் முப்பத்தாறும் வெயிலில் வரிசையாக நின்றன.

பேச்சு முடிந்தது. விருந்தினர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். செயலாளர் வாசலுக்கு ஓடினார்.

"சார், ஆட்டம் பாத்துட்டுப் போகலாமே."

"ஓ, ஆட்டம் வேற இருக்கா?"

செயலாளர் கவலை அவருக்கு. ஆட்டம் தொடங்கும்போது பார்வையாளர்கள் ஐம்பது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது லீக் விதி. குறைந்தால் இனி வரும் ஆட்டங்கள் அத்தனையும் வேறு ஊர் மைதானத்துக்குப் போய்விடும்.

திரும்பிப் பார்த்தார். ஒன்பது பேர் மிச்சம். அதில் இரண்டு பேர் தூக்கம்.

அந்த நேரம் பார்த்து நாற்காலிக்காரர், நாற்காலிகளை ஆறு ஆறாக அடுக்கித் தூக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், என்ன பண்றே?"

"ஆள் எந்திரிச்ச நாற்காலிதான் சார். நாப்பத்தேழு போதும்."

"நீயெல்லாம் மனுஷனா? இங்க என் மானம் போகுது, நீ நாற்காலிய உருவுறே."

"நாற்காலி இருந்தா ஆள் வந்துடுமா சார்?" என்று சொல்லிவிட்டு, அவர் மேடைக்குப் பின்னால் போய்விட்டார்.

செயலாளர் மறுபடியும் வாசலுக்கு ஓடினார். கெஞ்சினார். ஒரு காரும் நிற்கவில்லை. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தபோது, மேற்பார்வையாளர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"எண்ணிட்டேன். ஐம்பத்தாறு. ஆரம்பிக்கலாம்."

"ஐம்பத்தாறா?"

"இந்தப் பக்கம் ஒன்பது. அந்தப் பக்கம் நாப்பத்தேழு."

மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடினார் செயலாளர். எதிர்க் கோட்டோரம் மூன்று வரிசை நாற்காலி. அம்மாக்கள், அப்பாக்கள், அக்கா தங்கைகள். மத்தியானம் காவலாளியை விட்டு அவர் விரட்டச் சொன்ன அதே முகங்கள்.

நாற்காலிக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாரக் கேட்டு உள்ள விட்டே? பாஸ் இல்லாதவங்க வரக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேன்ல?"

"அது முன்வாசல்ல சார். நாற்காலி வண்டி வர்ற வாசல்ல போர்டு எதுவும் இல்லையே."

செயலாளர் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மணியிலேருந்து வேலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அப்பவே இருபத்து மூணு பேர உக்கார வச்சிருக்கலாம். நீங்கதான் விடல." குரலைத் தாழ்த்தினார். "செயலாளர்தான் போடச் சொன்னாருன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிடாதீங்க."

நடுவர் விசில் ஊதினார். முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். கேப்டனின் ஜாடை அப்படியே இருந்தது.

"தம்பி, பாஸ் தீந்து போச்சுன்னு பையன் சொன்னான். அப்படியிருந்தும் எங்கள மறக்காம நாற்காலி போட்டுக் குடுத்தீங்களே. நல்லா இருக்கணும் நீங்க."

செயலாளரின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

யாராவது பெரிய மனிதர் திடீரென்று வந்து நின்றால் கொடுக்கலாம் என்று காலையிலிருந்து அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பாஸ், ஒன்றுகூடக் குறையாமல் உள்ளே இருந்தது. மிச்சம் இருபத்து மூன்று.