மஞ்சளை விழுங்கும் கண்ணாடி

சூடு ஆறும்வரை பொறுக்காமல், அண்ணன் பல்பைத் துண்டால் பிடித்துத் திருகினார்.

ஸ்டூல் ஆடியது. தங்கையின் கணவர் பிடிக்க ஓடிவந்தார்.

“தள்ளி நில்லு.”

கல்யாணமான நாள்முதல் ‘வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை’ என்ற வாய் அது.

அரைமணிக்கு முன்பு இதே அறையில், இதே விளக்கின் கீழ், திரை போட்ட ஜன்னலோரம் தங்கை உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் செம்மை. “நல்லாத் தேறிட்டியே” என்று அண்ணனே சொன்னார்.

வெளியே காற்றில் துணிகள் படபடத்தன. அவள் தன்னை மறந்து எடுக்கப் போனாள். பின்னாலேயே போன அண்ணன், வெயிலில் அவள் முகத்தைப் பார்த்தார்.

கண், கழுத்து, நகக்கண் எல்லாம் மஞ்சள்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளக்குக் கண்ணாடிக்கு நிறம் சேர்ப்பதுதான் மாப்பிள்ளையின் வேலை. நியோடிமியம் என்ற உலோகத்தைக் கலந்தால், கண்ணாடி வெளிச்சத்திலிருந்து மஞ்சளை மட்டும் விழுங்கிவிடும். சிவப்பு தூக்கலாகத் தெரியும். செத்த மீனுக்குக்கூட உயிர் வந்துவிடும் என்று ஒரு விருந்தில் பீற்றிக்கொண்டவர்தானே!

“காமாலை முத்துற வரைக்கும் மூடி வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உனக்கு என்ன கேடு?”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். எரிகிற தீயில் அதுவே எண்ணெயானது.

அண்ணன் பல்பைச் சுவரில் வீசி அடித்தார். இளம் ஊதாச் சில்லுகள் தரையெங்கும் தெறித்தன. சமையலறை பல்பைக் கழற்றி வந்து மாட்டி, சுவிட்சைத் தட்டினார்.

கட்டிலில் தங்கை மஞ்சளாக உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் அண்ணா அதைப் போடச் சொன்னேன். போகாத ஆஸ்பத்திரி இல்ல. கணையத்துல கட்டி. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு கைய விரிச்சுட்டாங்க. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். அவ வீட்ல இருந்தா நான் இந்த ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல.”

மாப்பிள்ளை மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம்.

“அதே மாதிரி வேற பல்பு இருக்கா?” அண்ணன் அவர் பக்கத்தில் குனிந்தார்.

“இல்ல.” மாப்பிள்ளை நிமிரவில்லை.

வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. “அம்மா!” என்ற சத்தமும் செருப்பைக் கழற்றி எறியும் சத்தமும் சேர்ந்து கேட்டன.

அண்ணன் எட்டி விளக்கை அணைத்தார்.

“கரன்ட் போயிடுச்சு கண்ணு. உள்ள கண்ணாடி கிடக்கு, அங்கேயே நில்லு. மாமா வர்றேன்.”