எழுதி முடிக்க விடணும்

"கம்ப்யூட்டர் பிளக்கைப் புடுங்குனது யாரு?"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் அயர்ன் பாக்ஸுக்கே உதறல் எடுத்திருக்கும். திரையில் நாலு வரி ஆங்கில எழுத்து. அதற்கு மேல் நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்தது, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ்.

"நான்தாங்க. உங்க சட்டையை அயர்ன் பண்ண..." என்றாள் மனைவி.

"அறிவிருக்கா? மத்தியானம் கருத்தரங்கு. மாசக்கணக்கா எழுதுன கட்டுரை இதுலதான் இருக்கு!"

"அந்தக் கட்டுரைதாங்க, நேத்து பிழை பார்க்கச் சொன்னீங்கள்ல, அதை நான்..."

"பிழைதான் இப்ப குறைச்சல்! கட்டுரையே போச்சுங்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் தொடங்கும் பேச்சை முடித்து வைப்பது அவர்தான். அவளுக்கும் பழகிவிட்டது.

அவளுடைய லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதை வைத்துத்தான் படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டுமாம். மேசை டிராயரைக் குடைந்து, கையில் சிக்கிய ஒன்றே ஒன்றை எடுத்தார்.

"ஐயோ, அது வேண்டாங்க. அதுல..."

"இடம் பத்தாதுன்னு சொல்லப்போற. தாராளமாப் பத்தும். கம்ப்யூட்டர் பாடம் நடத்துறது நீயா, நானா?"

"இடத்தைச் சொல்லலைங்க. அதுல இருக்கறது..."

"பழைய போட்டோவா இருக்கும். அழிஞ்சா அழியட்டும். வாயை மூடு!"

தட்டினார் என்டர். உள்ளே இருந்தது மொத்தமும் அழிந்து, லினக்ஸ் ஏறத் தொடங்கியது. அவள் நிஜமாகவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரால் சும்மா இருக்க முடியுமா? பாடம் ஆரம்பமானது.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் உடனுக்குடனே டிஸ்க்குல எழுதிடாது. கொஞ்சத்தை மனசுல வச்சுக்கிட்டு நிதானமாத்தான் எழுதும். அது எழுதி முடிக்கிற வரைக்கும் விடணும். நடுவுல வெட்டிவிட்டா நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானே! அந்தப் பொறுமைகூட இல்லாத ஜனங்களை என்ன சொல்றது?"

"சரிங்க."

கம்ப்யூட்டர் எழுந்தது. சோதித்துப் பார்த்தார். பாட்டு, சினிமா, உருப்படாத வீடியோ எல்லாம் பத்திரம். கட்டுரை மட்டும் தலைப்போடு கிடந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

நாற்காலியில் சரிந்தார். "வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கக் கூடாதா நான்..."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பவே என்னமோ சொல்ல வந்தியே, என்னது?"

"பிழை பார்க்கறதுக்கு உங்க கட்டுரையை நேத்து..."

"இழுக்காம சட்டுனு சொல்லேன்!"

"அந்தப் பென் டிரைவ்லதாங்க காப்பி பண்ணி வச்சிருந்தேன்."