கூட்டிச் சொன்ன பன்னிரண்டு கிலோ

"டெல்சி, நீ எத்தனை கிலோ?"

கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் றெஜினோல்ட் மனைவியிடம் கேட்கத் துணியாத கேள்வி. இன்று கேட்டுவிட்டான். காரணம், கையிலிருந்த கைபேசி.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குடும்பங்கள் ஃபாஷிங் எனும் களியாட்ட விழா விடுமுறைக்கு ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஸ்கீ சறுக்கப் போகின்றன. சனிக்கிழமை போய், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் திரும்புவதாகத் திட்டம். ஸ்கீ பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை, ஒவ்வொருவரின் உயரம், நிறை, சப்பாத்து அளவு மூன்றையும் கேட்டிருந்தது. இன்று மாலை ஆறு மணிதான் கடைசி. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிறை என்றதும் நம்மவர்களுக்குக் கணக்கு மறந்துவிடும். வெரோனிக்கா ஆறு கிலோவை விழுங்கிவிட்டாள். றெஜினோல்டின் தம்பி றெக்ஸ் தன் தொந்தியைச் சேர்க்கவே இல்லை.

டெல்சியின் பெயருக்கு நேரே மட்டும் 91 என்றிருந்தது.

"குறூப்பிலை போட்டிருக்கிறன்தானே," என்றாள் டெல்சி.

"காலமை தராசிலை எழுபத்தொன்பது. நான் பல்லு மினுக்கேக்கை பாத்தனான்."

"அதையெல்லாம் பாக்கிறனீங்களோ?"

கைபேசி கிணுங்கியது. றெக்ஸ் எழுதியிருந்தான்: 'மச்சாள், மலைக்கு ஏத்துற லிஃப்ட் தாங்குமோ எண்டு கேட்டு வையுங்கோ.' கீழே ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள்.

"பாத்தியே? என்ரை மானமும் சேந்து போகுது."

"நிறை என்ரை. உங்களுக்கு ஏன் மானம் போகுது?"

"பகிடியை விடு. கூட்டிச் சொன்னால் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை இறுக்கி விடுவாங்கள். விழேக்கை கழராது. கால்தான் முறியும். நான் கடைக்குப் போன் அடிச்சுச் சொல்லப்போறன்."

"வேண்டாம். நேற்றே அடிச்சு எழுபத்தொன்பது எண்டு சொல்லிட்டன்."

றெஜினோல்டுக்குத் தலை சுற்றியது. முன்பின் தெரியாத கடைக்காரனுக்கு உண்மை, பழகினவர்களுக்குப் பொய். இது என்ன கூத்து?

"ஆரோடையும் பந்தயம் கட்டினனியோ?"

"இல்லை."

"அப்ப கொழுப்பு."

"ஓம். பன்னிரண்டு கிலோ."

இவளிடம் பேசி வெல்ல முடியாது. எரிச்சலை வேறு பக்கம் திருப்பினான்.

"பாட்டுக் குழுவிலை இந்தப் பேர்பெச்சுவா அக்காவைப் பார். இன்னும் ஒண்டும் அனுப்பேல்லை. போன வருஷமும் இப்பிடித்தான், கடைசி நேரத்திலை முதுகு நோகுது எண்டு வராமல் நிண்டிட்டா. அவவின்ரை மகள் சஜிதா பாவம், அந்தக் கிழமை முழுக்க அழுதவள். மூண்டு இலக்கம் எழுதேலாதோ? அவ்வளவு எடுப்பு."

டெல்சி மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, தொடவில்லை. இவ்வளவு நேரமும் வாயாடியவள் ஏன் திடீரென்று மணிக்கூட்டிலேயே கண்ணாக இருக்கிறாள் என்று றெஜினோல்டுக்கு விளங்கவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கைபேசி மறுபடியும் கிணுங்கியது.

'பேர்பெச்சுவா: 160, 89, 40. சஜிதா: 141, 33, 36. நாங்களும் வாறம்.'

டெல்சி பெருமூச்சு விட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

றெஜினோல்ட் திரையிலிருந்த 89ஐப் பார்த்தான். மேலே தள்ளி, மனைவியின் 91ஐப் பார்த்தான்.

"அக்காவின்ரை நிறை உனக்கு முதலே தெரியுமோ?"

"டொக்டரிட்டை அவவுக்கு மொழிபெயர்க்கப் போறது நான்தானே. அங்கை கேட்டதை வெளியிலை சொல்லேலாது, உங்களுக்கும்தான்."

"அதுக்கு நீ ஏன் உன்ரையைக் கூட்டினனி?"

"பட்டியலிலை ஆகப் பாரமான ஆளாய் நிக்க வெக்கப்பட்டுத்தான் அவ போன வருஷம் வரேல்லை. இந்த முறை அந்த இடத்திலை நான் நிக்கிறன்."