சுவரில் இருந்த முகம்

தன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பதை ரோகிணி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்குகூட எரிந்தது.

நிஜப் போட்டோ அல்ல, ஓவியத்துக்குள் இருந்த போட்டோ. அப்பா பெரியகருப்பனும் அம்மா அழகியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணன் பாண்டீஸ்வரன் பின்னால் நின்றான். அவர்கள் தலைக்கு மேலே, சுவரில் அவள்.

கொத்தமங்கலத்தில் அந்தப் பெரிய செட்டியார் வீட்டு முற்றத்தைச் சுற்றி இப்படி வரிசையாக ஓவியங்கள் மாட்டியிருந்தார்கள். செட்டியார் குடும்பம், ராவுத்தர் குடும்பம், சாக்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கூடை முடைகிறவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு சனத்திலும் ஒரு குடும்பம். 'பல முகம், ஒரே மண்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது.

ஒக்கூரிலிருந்து வேன் பிடித்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாம் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். ஆனால் யார் கண்ணும் அவள்மேல் நிற்கவில்லை.

"பெரியம்மா" என்று பக்கத்து வீட்டுச் சோணையம்மாளைக் கூப்பிட்டாள். சோணையம்மாள் அவளைத் தாண்டிப் பின்னால் இருந்த தூணைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அண்ணன் எதிரே வந்தான். அங்கே ஆளே இல்லை என்பதுபோல நேராக நடந்து வந்தான். ரோகிணிதான் விலகி வெயிலில் இறங்கினாள். முற்றத்துக் கல் கொதித்தது. காலை மாற்றி மாற்றி வைத்து மறுபடி நிழலுக்கு ஏறினாள்.

அவள் வந்ததே அம்மாவைப் பார்க்கத்தான். அழகி அந்த ஓவியத்துக்கு முன்னால் தனியாக நின்றாள். ரொம்ப இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. ரோகிணி சத்தமில்லாமல் போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா."

அழகியின் முதுகு விறைத்தது. கையில் மயிர் சிலிர்த்து நிற்பது ரோகிணிக்குத் தெரிந்தது. ஆனால் அம்மா திரும்பவில்லை. உதடு மட்டும் குலசாமி பேரை முணுமுணுத்தது.

"என்ன அழகி, தனியா நின்னு பேசுற?" சோணையம்மாள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அவ என் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு."

"போனவள நெனைச்சு இங்கயுமா அழுவ? உன் வீட்டுக்காரரு பாத்தா வைவாரு. வா அங்குட்டு."

அழகி போனாள். போகும்போது, கையில் வைத்திருந்த நன்னாரி சர்பத்தை ஒரு வாய்கூடக் குடிக்காமல் தூணடியில் வைத்துவிட்டுப் போனாள், படையல் வைப்பதுபோல. ரோகிணி குனிந்து அதை எடுத்தாள். தம்ளரில் அம்மாவின் கைச்சூடு இன்னும் இருந்தது. அழுகையோடு சேர்த்து அதைக் குடித்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் பெரியகருப்பன் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். ஓவியங்களை வரைந்த நாகஜோதி அவரிடம் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவள் சென்னைக்காரி. வீடு வீடாகப் போய், வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே வரைந்தவள்.

"அன்னைக்குக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. சுவர்ல இருக்கற பொண்ணு... சின்ன வயசு. என்ன ஆச்சுங்க ஐயா?"

பெரியகருப்பன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "திடீர்னு போயிட்டா. மறுநாளே காரியம் பண்ணித் தலைமுழுகிட்டோம். அத விடுங்கம்மா."

அதற்குள் மைக்கில் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையேறினார்.

"எல்லாரும் இந்தச் சுவத்தப் பாருங்க" என்றார். நல்ல கணீரென்ற குரல். "எந்தச் சனத்துப் படமும் மேல இல்ல, எந்தச் சனத்துப் படமும் கீழ இல்ல. எல்லாம் ஒரே வரிசை. எங்க பக்கம் இப்பிடித்தான். மாமன் மச்சானாப் பழகுறோம். நம்ம எல்லாரும் ஒரு தாய் பிள்ளைக."

கைதட்டல் முற்றம் முழுக்க எதிரொலித்தது. கையெடுத்துக் கும்பிட்டு நிமிர்ந்தவரின் பார்வை தூணடிக்குப் போனது. கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"நான்... நான் என்ன சொல்ல வந்தேன்னா..." மைக் கீச்சிட்டது. அவர் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள்.

அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று நாகஜோதி திரும்பினாள்.

நாள்கணக்கில் உட்கார்ந்து அவள் வரைந்த முகம் அங்கே நின்றது. அதே கண், அதே நாடி, நாடியில் அதே மச்சம். ஓவியத்தைப் பார்த்தாள். மறுபடி தூணைப் பார்த்தாள். அந்த முகம் போகவில்லை.

நாகஜோதி கிட்டே போனாள். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"நீங்க... நீங்க செத்துட்டதா சொன்னாங்களே!"

இத்தனை நேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் தூணடிக்குத் திரும்பின. ரோகிணி மேடையில் இருந்த அப்பாவையே பார்த்தபடி சொன்னாள்:

"நான் சாகலக்கா, வேற சாதியில கட்டிக்கிட்டேன்."