குழலியின் சாவி

குழலியின் கையில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்திருக்கக் கூடாது. குழலி அவளுடையவள் அல்ல.

அவளும் இன்னும் மூன்று பேரும் கைபேசிக் குழுவில் சேர்ந்து எழுதும் கதை. ஆளுக்கொரு பாத்திரம். அடுத்தவர் பாத்திரத்தை யாரும் இஷ்டத்துக்கு நகர்த்தக் கூடாது என்பது சேர்ந்த அன்றே போட்ட விதி. ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

குழலியைப் படைத்தவள் உமையாள். தீவில் ஒரு வீடு. கப்பலோட்டும் கணவன். அவன் பூட்டிவிட்டுப் போகும் கதவு.

"கொஞ்ச நாளைக்கு வர முடியாதுக்கா. குழலிய நீங்க பாத்துக்கோங்க. வீட்ட விட்டு மட்டும் எறங்க விட்டுராதீங்க" என்று அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாள் உமையாள்.

அவளுக்கோ குழலிமேல் எப்போதுமே ஓர் எரிச்சல். ஒரு பெண்ணை எத்தனை காலம் ஜன்னலோரமாகவே நிறுத்தி வைப்பது?

மதியம், அடுப்பில் குக்கர் அடங்குவதற்குள் எழுதி அனுப்பினாள். குழலி ரகசியமாக ஒரு மாற்றுச் சாவி செய்துகொள்கிறாள். புளி ஜாடிக்குள் புதைத்து வைக்கிறாள். வெள்ளிக்கிழமைப் படகில் போய்விடுவாள்.

அனுப்பியதும் தன் உடம்பே லேசானதுபோல் இருந்தது.

"அடியாத்தி, கெளம்பிட்டாளா! துடுப்போட நான் ரெடி" என்றார், படகோட்டியை எழுதும் கதிரேசன்.

பிறகு உமையாளின் பெயர் வந்தது. குழுவில் அல்ல. அவளுக்கு மட்டும்.

"புளி ஜாடில இல்ல. வேற எங்க?"

உமையாள் 'அக்கா' போடாமல் ஒரு வரிகூட அவளுக்கு எழுதியதில்லை.

சாவி, மதியம் அவள் எழுதிய வெறும் கற்பனை.

யாரோ ஒரு நிஜ ஜாடிக்குள் கைவிட்டுத் துழாவியிருக்கிறார்கள்.

'அது வெறும் கதைங்க' என்று தட்டினாள். அனுப்புவதற்குள் குழுவில் அடுத்த வரி விழுந்தது. உமையாளின் பெயரில்.

*குழலி எங்கேயும் போகவில்லை. கணவனின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அவன் இன்னும் மன்னிக்கவில்லை.*

"வந்துட்டியா உமையா! செம!" கதிரேசன் கைதட்டல் படங்களாக அனுப்பினார்.

அவள் உமையாளின் எண்ணுக்கு அழைத்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

போலீசுக்குச் சொல்லலாம். எந்த ஊர் என்று கேட்பார்கள்.

பழைய வரிகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள். ஒரு தெரு, ஒரு பேருந்து நிறுத்தம், ஏதாவது.

அலைகள் இருந்தன. கலங்கரை விளக்கம் இருந்தது. குழலியின் ஜன்னலில் உப்புக்காற்று இருந்தது.

உமையாளின் ஊர் எங்கும் இல்லை.

திரையின் மேலே, உமையாளின் பெயருக்குக் கீழே, 'எழுதுகிறார்…'