வழவழப்பான டயர்

பழைய கார் ஒன்றின் முன்சக்கரத்தில் புது பிரேக் பொருத்தினார்கள். மலைப்பாதை வளைவுகளில் வண்டி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. சக்கரத்தைச் சுற்றியிருந்த டயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

“அண்ணே, உங்க உடம்பு ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு?” என்று பிரேக் கேட்டது.

“மெதுவாப் பேசு, தம்பி. மெக்கானிக் காதுல விழுந்தா என்னைக் கழற்றிப் போட்டுடுவார்,” என்றது டயர்.

மழை பெய்து ஓய்ந்ததும் மெக்கானிக் மரியதாஸ் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவர் மிதித்ததும் பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் வண்டி ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய், பட்டறைச் சுவரில் இடித்த பிறகுதான் நின்றது.

“நான் பிடியை விடவே இல்லையே! அப்புறம் எப்படி வண்டி போச்சு?” என்று பிரேக் வியந்தது.

“நீ என்னைப் பிடிச்சே. நான்தான் தரையைப் பிடிக்கலை,” என்று டயர் முணுமுணுத்தது.

மரியதாஸ் இறங்கி வந்தார். “புது பிரேக்காம், பிரேக்கு! கழற்றித் திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்,” என்று ஸ்பேனரை எடுத்தார்.

அதைக் கேட்டதும் டயர் தன் காற்றையெல்லாம் புஸ்ஸென்று வெளியே விட்டது.

மரியதாஸ் திடுக்கிட்டு டயரைத் தடவிப் பார்த்தார். “அட, தேஞ்சு போய் ஒரு வரிகூட இல்லையே! இதையல்லவா மாத்தணும்?”

“ஏன் அண்ணே இப்படிச் செஞ்சீங்க?” என்று பிரேக் பதறியது.

“நீ நல்லாத்தான் பிடிச்சே, தம்பி. அது எனக்கு மட்டும்தானே தெரியும்?” என்றது டயர்.