காற்று வந்த குழாய்

"கடைசியா அந்த ஆய்வகத்தைப் பூட்டினது யாரு? நீங்கதானே?"

முன்னறையில் ஓர் ஆண் குரல் அதட்டியது.

"நான்தான் சார். அஞ்சரைக்குப் பூட்டி, சாவியை ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன்."

பதில் சொன்னது அம்மா. எலி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கும் பெண். சத்தமில்லாமல் நடப்பதால் வீட்டில் எலி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"குழாய் மூடியிருந்ததைப் பாத்தீங்களா, மூடியிருக்கும்னு நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார். நாலும் மூடியிருந்துச்சு."

"அப்போ தானாவே திறந்துக்கிச்சா?"

எலி நகம் கடித்தாள். நகம் தீர்ந்துபோய் விரலைக் கடித்தாள்.

அவர்கள் பள்ளிக்கூடம் இரண்டு வேளை நடக்கும். காலையில் பெரிய வகுப்புகள், மதியத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகள். எலி படிப்பது காலையில், அம்மா பாடம் எடுப்பது மதியத்தில். ஆய்வகம் இரண்டு வேளைக்கும் பொது. போன வெள்ளிக்கிழமை அங்கே யாரோ குழாயைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தார்கள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. திங்கட்கிழமை வந்து பார்த்தால், பக்கத்து அறையில் தரையோடு அடுக்கியிருந்த ஆண்டுத்தேர்வு விடைத்தாள்கள் அத்தனையும் கூழாகிக் கிடந்தன. மதிய வேளை ஆசிரியர் ஒருவருக்கு மெமோ போயிருக்கிறது, வேலையே போய்விடும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். யாருக்கு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது எலிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக அம்மா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்க் கிசுகிசுத்ததும், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்ததும் இதற்குத்தான்.

"இன்னொரு தரம் முதல்லேருந்து கேளுங்க," என்றாள் அம்மா. "நாளைக்கு இதைவிட மோசமா கேப்பாங்க."

அப்படியானால் வந்திருப்பவர் அதிகாரி இல்லை. எலி காதைக் கதவோடு ஒட்டினாள். விசாரணையில் சங்கப் பிரதிநிதி பக்கத்தில் உட்காரலாம், குறிப்பெடுக்கலாம், கேள்வி கோணலாகப் போனால் பத்து நிமிடம் இடைவேளை கேட்கலாம், பதிலை மட்டும் அவர் சொல்லக் கூடாது என்று அம்மா பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கத்து ஆள்! ஆலையில் வேலைநிறுத்தம் என்று போய், இருந்த வேலையும் பறிபோய், அப்பா இரண்டு வருடம் தெருத்தெருவாக அலைந்தவர். அதன்பிறகு அந்த வீட்டில் சங்கம் என்ற பேச்சே ஆகாது. இப்போது அவருக்குக் கிடைத்திருப்பது இரவுக் காவல் வேலை. குடும்பம் ஓடுவது அம்மாவின் சம்பளத்தில். அப்பா வேலைக்குக் கிளம்பிய சூட்டோடு அம்மா இப்படி ஒருவரை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறாள் என்றால், விஷயம் கைமீறிப் போய்விட்டது.

பின்னால் தம்பி வந்து நின்றான். "ஒட்டுக்கேக்குறியா? அம்மாகிட்ட சொல்றேன் இரு."

"சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்."

"ரெண்டு தானாவே விழுந்துடுச்சு," என்று வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனான்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. வந்தவர் விடைபெற்றார். எலி கொல்லைப்புறமாக ஓடி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் அவரைப் பிடித்துவிட்டாள். அவர் வண்டியில் சாவியைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது துளையில் நுழையாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"சார், அம்மா ஒண்ணும் பண்ணல. நான்தான்."

அவர் திரும்பினார். எலி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு ஏதோ கூட்டம். மதியம் வீட்டுக்குப் போகாம, அம்மா கூடவே போகலாம்னு அங்கேயே காத்துட்டிருந்தேன். யூனிஃபார்ம்ல மை கொட்டிடுச்சு. ஆணியிலேருந்து சாவியை எடுத்து ஆய்வகத்துக்குள்ள போனேன். குழாயைத் திறந்தா வெறும் காத்துதான் வந்துச்சு. யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு. பூட்டி, சாவியை மாட்டிட்டு ஓடிட்டேன். மூடினேனான்னு ஒரு வாரமா யோசிக்கிறேன் சார். பொய். யோசிக்கல. மூடல. எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அது எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு தாண்டியிருக்கும் என்றாள். அஞ்சரைக்கு மேல்தானா, நிச்சயமா என்று மறுபடி கேட்டார். கூட்டம் ஆறுக்குத்தான் ஆரம்பித்தது, அம்மா உள்ளே போன பிறகுதான் மை கொட்டியது என்றாள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மனிதர் தோள் குலுங்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எலிக்கு இன்னும் பயமாக இருந்தது. இது அவரால்கூட சரிசெய்ய முடியாத விஷயம் போலிருக்கிறது.

"என்னை வேணா பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பட்டும் சார். அம்மாவை மட்டும் காப்பாத்திடுங்க. நாளைக்கு அம்மா பக்கத்துல உட்காரப் போற சங்கப் பிரதிநிதி நீங்கதானே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"விசாரணை எனக்குத்தாம்மா. எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழும்பலேன்னு, என் இடத்துல இருந்து எப்படிச் சொல்லணும்னு காட்டிட்டிருந்தாங்களே உங்கம்மா, அவங்கதான் எங்க சங்கப் பிரதிநிதி."